வி-ஸ்ட்ரோமுக்கு ஜிவி ஏர்ஃப்ளோ: உயரம் மட்டும் போதாது

சுசூகி வி-ஸ்ட்ரோம் 650 பைக்குக்கு விண்ட்ஷீல்ட் (முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி) மாற்ற நினைப்பவர்கள் கடையில் போய் முதலில் கேட்பது "இருக்கிறதிலேயே உயரமானது எது?" என்றுதான். நம் சிங்கப்பூர் வெயிலுக்கும் மழைக்கும் அது சரிப்படாது. நான் போட்டிருப்பது பைக் உதிரிப் பொருள் செய்யும் ஜிவி நிறுவனத்தின் ஏர்ஃப்ளோ. இரண்டு துண்டாக வரும். கீழ்த்துண்டு அசையாது, மேல்துண்டை ஏற்றி இறக்கலாம், நடுவில் காற்று போக இடைவெளி உண்டு.

அந்த இடைவெளிக்குத்தான் காசு. கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்துவிடும், மேலே தாண்டிப் போகிற காற்று அங்கே சுருண்டு விழுந்து ஹெல்மெட்டை உலுக்கி எடுக்கும். உயரத்தைக் கூட்டினால் நெஞ்சில் காற்று அறையாது, ஆனால் தலை ஆட்டம் போகும் என்று சொல்ல முடியாது, சிலருக்குக் கூடவும் செய்யும். கொஞ்சம் காற்றைப் பின்பக்கம் விட்டால்தான் அது அடங்கும். இதை பி.ஐ.இ. விரைவுச்சாலையில் ஒரு சுற்று ஓட்டிக் கண்டுபிடிக்க முடியாது. இங்கே அதிகபட்சம் மணிக்கு 90 கிலோமீட்டர், துவாஸ் பாலம் தாண்டி மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஏறினால் 110. வேகம் கூடுவது 20தான், காற்றின் விசையோ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. நண்பர் ஒருவர் இணையத்தில் மலிவாக வாங்கிய எல்லா பைக்குக்கும் பொருந்தும் கண்ணாடி (பெயர் வேண்டாம்) அந்த வேகத்தில்தான் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது.

ஊருக்குள் ஓட்டும்போதும் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி வரிசையில் வேகும்போதும் மேல்துண்டை முழுக்க இறக்கி விடுவேன், நெஞ்சுக்குக் கொஞ்சம் காற்று வேண்டாமா? நெடுஞ்சாலையில் ஏற்றிக்கொள்வேன், அதுவும் மூக்கு மட்டம் வரைக்கும்தான். பார்வை எப்போதும் கண்ணாடிக்கு மேலே போக வேண்டும். ராத்திரி மழையில் ஹெல்மெட் வைசரைக் கையுறையால் துடைத்துக்கொள்ளலாம், விண்ட்ஷீல்டை யார் துடைப்பது? எதிரே வரும் லாரி வெளிச்சம் அதில் பட்டுச் சிதறினால் சாலையே தெரியாது. ஆள் உயரம், உட்காரும் விதத்தைப் பொறுத்து எல்லாம் மாறும், அதனால் என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விலை மலிவில்லை. உங்கள் பைக் எந்த ஆண்டு மாடல் என்று சொல்லி, அதற்கான பொருத்தும் கிட்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்குரூவை ஓவராக முறுக்கினால் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும், ரப்பர் வாஷரை விட்டுவிடக் கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சாலைக் கட்டணம் கழிக்கும் இஆர்பி கருவி எதிலும் இடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், வீட்டுக் கண்ணாடி துடைக்கிற அமோனியா கலந்த திரவம் இதற்கு ஆகாது, பிளாஸ்டிக் மங்கிவிடும். பூச்சி ஒட்டியிருந்தால் ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் போட்டு ஊற வைத்து, சோப்புத் தண்ணீரில் மெதுவாகத் துடைத்தால் போதும்.