பலகையில் கினிப் பன்றி, பில்லில் முயல்: ஓர் எச்சரிக்கை

டெல்டா பக்கம் கினிப் பன்றி (பெயரில்தான் பன்றி, உண்மையில் எலிபோலக் கொறிக்கும் இனத்துச் சிறு பிராணி) வளர்ப்பவர்கள் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் என்று எந்தப் பெயரில் வந்தாலும், அந்த வகை மருந்தை அதன் வாயில் ஊற்ற விடாதீர்கள். எழுதிக் கொடுப்பவரின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கினாலும் விடாதீர்கள். எங்கள் கினிப் பன்றி பூந்தி அந்த மருந்தால்தான் செத்தது. மருந்துச் சீட்டும் பில்லும் காலிப் பாட்டிலும் பத்திரமாக இருக்கின்றன. புகார் கொடுத்திருப்பதால் அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்களுக்கு மயிலாடுதுறை. என் மகள் ஆசைப்பட்டாள் என்று தஞ்சாவூரில் ஒரு செல்லப்பிராணிக் கடையிலிருந்து இரண்டு பெண் குட்டிகளை வாங்கி வந்தோம். பெயர் வைத்ததும் அவள்தான்: பூந்தி, மிக்சர். கடைக்காரர் முயல் படம் போட்ட குச்சித் தீவனப் பொட்டலம் ஒன்றைத் தந்து, “எல்லாச் சத்தும் இதிலேயே இருக்கிறது, வேறு எதுவும் தேட வேண்டாம்” என்று உறுதியாகச் சொன்னார். முதல் ஏமாற்று இங்கேயே ஆரம்பித்துவிட்டது. முயல் தன் உடம்புக்கு வேண்டிய வைட்டமின் சி–யைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், அதனால் முயல் தீவனத்தில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. கினிப் பன்றிக்கு அந்தத் திறன் கிடையாது, மனிதர்களைப் போலவே உணவில்தான் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஈறில் ரத்தம் கசிந்து மூட்டு வீங்கும் ஸ்கர்வி நோய் வரும். இதொன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1907–லேயே நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் என்ற இருவர் கினிப் பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்து ஸ்கர்வி வருவதைக் காட்டிவிட்டார்கள். விற்கிற கடைக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

சில வாரங்களில் பூந்தி பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தது. தூக்கினால் வலியில் கத்தியது. வாயோரம் ஈரம், மயிர் சிலிர்த்துப் போயிருந்தது, தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. இந்தப் பிராணிகள் அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம்தான், குடல் ஓட்டம் நின்றுவிடும். ஆடு மாடு மருத்துவரிடம் போவதைவிட விவரம் தெரிந்த இடத்துக்கே போவோம் என்று விசாரித்ததில், கும்பகோணத்தைத் தாண்டி ஒரு மருத்துவமனையைச் சொன்னார்கள். வாசலில் பெரிய பலகை. கிளி, ஆமை, முயல், கினிப் பன்றி என்று படங்களோடு, ‘அயல்நாட்டுச் செல்லப்பிராணிகளுக்குச் சிறப்பு சிகிச்சை’ என்று எழுதியிருந்தது.

உள்ளே இருந்த இளைஞர் பூந்தியை மல்லாக்கப் பிடித்து அரை நிமிடம் பார்த்தார். எடை போடவில்லை. வாயைத் திறந்து பார்க்கவில்லை. என்ன தின்கிறது என்று கேட்கவில்லை. “கால்சியம் குறைவு, கொஞ்சம் இன்ஃபெக்‌ஷனும் இருக்கிறது” என்றார். ஓர் ஊசி போட்டார். குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் மருந்துப் பாட்டிலைக் கொடுத்து, காலையிலும் மாலையிலும் ஊற்றச் சொன்னார். “இன்று முழுக்கப் பட்டினி போடுங்கள், வயிறு சுத்தமாகட்டும்” என்றார். பில்லில் ஆலோசனைக் கட்டணம் தனி, ‘சிறப்புப் பிராணி கையாளும் கட்டணம்’ தனி, எக்ஸ்ரே தனி. எக்ஸ்ரே படத்தைக் கேட்டதற்கு, “கம்ப்யூட்டரில் இருக்கிறது, அனுப்புகிறோம்” என்றார்கள். இன்றுவரை வரவில்லை. வெளியே வந்து பில்லைப் பிரித்துப் பார்த்தால், பிராணி என்ற இடத்தில் ‘முயல், ஆண்’ என்று எழுதியிருந்தது. உள்ளே திரும்பிப் போய்க் காட்டினேன். “கம்ப்யூட்டரில் அது ஒன்றுதான் இருக்கிறது மேடம், மருந்து எல்லாம் ஒன்றுதான்” என்று பதில்.

ஒன்றே இல்லை என்பதைவிடக் கொடுமை, முயலுக்கும் அந்த மருந்தை வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது என்பதுதான். இந்தப் பிராணிகளின் பெருங்குடலிலும் அதன் தொடக்கத்தில் பைபோல இருக்கும் குருட்டுக்குடலிலும் வாழும் நல்ல நுண்ணுயிர்கள்தான் நார்ச்சத்தைப் புளிக்க வைத்து உணவாக்குகின்றன. பெனிசிலின் வகை அவற்றைக் கூண்டோடு கொன்றுவிடுகிறது. காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. பேதி, உடம்பு சில்லிடுதல், பிறகு சாவு. லின்கோமைசின், கிளின்டாமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும் இதே கணக்கில் வரும். பெனிசிலின் கினிப் பன்றியைக் கொல்கிறது என்பது அந்த மருந்து புழக்கத்துக்கு வந்த 1940களிலேயே தெரிந்துவிட்டது. கால்நடை மருத்துவம் படித்த யாரும் புத்தகத்தைப் புரட்டினால் கண்ணில் படுகிற விஷயம்.

பட்டினி போடச் சொன்னதும் அதே லட்சணம். கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அறுவைச் சிகிச்சைக்கு முன்னால்கூட நாய், பூனைபோல அதை வெறும் வயிற்றில் காய வைப்பதில்லை.

பேதி ஆரம்பித்ததும் தொலைபேசியில் அழைத்தேன். “மருந்து வேலை செய்கிறது, கழிவெல்லாம் வெளியேறுகிறது, நிறுத்தாமல் கொடுங்கள்” என்றார் எடுத்தவர். மருத்துவரிடம் கொடுங்கள் என்றதற்கு, “டாக்டர் வெளியூர் போயிருக்கிறார்” என்றார். எங்களைப் பார்த்தது யார் என்று கேட்டேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது. மறுநாள் விடிவதற்குள் பூந்தி போய்விட்டது. என் மகளிடம் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை.

அடுத்து மிக்சரும் அதே மாதிரி காலை இழுக்க ஆரம்பித்தது. இம்முறை எந்தப் பலகையையும் தேடவில்லை. எங்கள் மாமியார் வீட்டு மாடுகளைப் பார்க்கும் அரசு மருந்தகத்து மருத்துவரிடம் கூடையோடு போய் நின்றேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு கன்றுக்குட்டி. அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இதைப் படித்ததோடு சரி அம்மா, வைத்தியம் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் உட்காருங்கள், தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்றார். சென்னையில் இருக்கும் தன் வகுப்புத் தோழர் ஒருவரை அழைத்துப் பேசினார். தபால் எடைத் தராசு போன்ற ஒன்றில் மிக்சரை நிறுத்தார். காது பார்க்கும் கருவியை வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பற்களைப் பார்த்தார். பல் ஈறில் ரத்தக் கசிவு, மூட்டில் வீக்கம். “என்ன கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். தீவனப் பொட்டலத்தைக் காட்டியதும் தலையை ஆட்டினார். வைட்டமின் சி ஊசி போட்டு, எடைக்குத் தகுந்த அளவை எழுதிக் கொடுத்தார். தீவனத்தைப் பொடித்து ஊற வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். கட்டணம் என்று ஒரு பைசா வாங்கவில்லை. மிக்சர் இப்போது கொத்தமல்லிக் கட்டு வரும் சத்தம் கேட்டாலே கூச்சல் போடுகிறது.

அதனால் என் கட்சி இதுதான்: ‘எல்லாம் தெரியும்’ என்கிற பலகைக்காரரைவிட, ‘தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்’ என்கிற மாட்டு மருத்துவரிடம் போவது மேல். அவர் கைவிரித்தால், நம் பகுதியில் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போவதானாலும் புறப்படுவதற்கு முன்பு தொலைபேசியில் கேளுங்கள்: கினிப் பன்றிக்கு எந்த ஆன்டிபயாடிக் ஆகாது? சிகிச்சைக்கு முன் பட்டினி போட வேண்டுமா? முதல் கேள்விக்குப் பெனிசிலின் வகையைச் சொல்லாதவரும், இரண்டாவதற்கு ‘ஆமாம்’ என்பவரும் உங்களுக்கு வேண்டாம். கேட்டதற்காகக் கோபப்படுகிறவர் கண்டிப்பாக வேண்டாம்.

பயணத்தையும் யோசியுங்கள். 27, 28 டிகிரியைத் தாண்டினாலே இவை தவிக்கத் தொடங்கும். சித்திரை வெயிலில் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனால் மருத்துவரைப் பார்க்கும் முன்பே வெப்பத்தில் மயங்கிவிடும். விடியற்காலையில் கிளம்புங்கள், உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வையுங்கள்.

தீவனம் பற்றியும் ஒரு வார்த்தை, கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள் என்பதால். முக்கிய உணவு புல்தான், பச்சையாகவோ உலர்ந்ததாகவோ. வாழ்நாள் முழுக்க வளரும் பற்களை அதுதான் தேய்த்து அளவோடு வைக்கிறது. வைக்கோல் நம்மிடம் மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே போட்டால் சத்துக்குப் போதாது. அருகம்புல் நல்லது, ஆனால் வயல் வரப்பில் அறுக்காதீர்கள். குறுவை, சம்பா நடவு சமயத்தில் களைக்கொல்லி தெளித்திருப்பார்கள். வைட்டமின் சி–க்குக் குடைமிளகாய், கொய்யா, கொத்தமல்லி, தின்றால் நெல்லிக்காயில் ஒரு துண்டு. சொட்டு மருந்தைக் குடிதண்ணீரில் கலப்பதை நம்ப வேண்டாம், தண்ணீரில் அது சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். வாரம் ஒரு முறையாவது சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். பார்வைக்குத் தெரியும் முன்பே எடையில் தெரிந்துவிடும்.

இனி புகார். 1984–ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்றவர்கள்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம். மருந்துச் சீட்டில் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த சீட்டில் இரண்டும் இல்லை, ஒரு கிறுக்கல் மட்டும். மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பியிருக்கிறேன். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுத்தாயிற்று, ரசீது கையில் இருக்கிறது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கினிப் பன்றியையோ முயலையோ கொண்டுபோய் இதே பாட்டிலோடு திரும்பியவர்கள் வேறு யாராவது இருந்தால், பில்லையும் சீட்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தேதியோடு எடுத்து வைத்து, நீங்களும் ஒரு புகார் அனுப்புங்கள்.