26,500 ரூபாய் கட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்: புதிதாக ஜிம்மில் சேரப் போகிறவர்களுக்கு

கோபத்தில்தான் எழுதுகிறேன், அங்கங்கே தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சியே செய்யாதவர்கள் எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் கடைசியில் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜிம். கண்ணாடிச் சுவர், ஏசி, வாசலில் 'லேடீஸ் பேட்ச் தனி' என்று பேனர். எனக்கு வயது நாற்பதைத் தாண்டியாச்சு, சுகர் பார்டரில் நிற்கிறது, கொலஸ்ட்ராலுக்கு ராத்திரி ஒரு மாத்திரை. பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடியதற்கு அப்புறம் ஓடியதே இல்லை. இதையெல்லாம் அந்த வரவேற்பு மேசையில் இருந்த பையனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவன் அவ்வளவு பொறுமையாகக் கேட்டான். "எங்க அம்மாவுக்கும் சுகர்தாங்க்கா. நீங்க எனக்கு அம்மா மாதிரி, நானே கூட நின்னு பாத்துக்கறேன்" என்றான். ஒரு மெஷினில் ஏற்றி நிறுத்தி, காகிதம் ஒன்று எடுத்துக் கொடுத்தான். அதில் என் உடம்புக்கு 54 வயதாம். அதைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு, "பயப்படாதீங்க்கா, மூணு மாசத்துல இதை மாத்திடலாம்" என்றான். வருடச் சந்தா 12,000, பர்சனல் டிரெயினிங் மூன்று மாதத்துக்கு 14,500. ஆஃபர் இன்றோடு முடிகிறதாம். நான் ஜிபேயில் பணம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சேர்க்கைப் படிவத்தை அவனே பூர்த்தி செய்து, கையெழுத்துக்கு மட்டும் என் பக்கம் திருப்பினான். 26,500 ரூபாய்.

மறுநாள் காலையில் போனால் அந்தப் பையன் இல்லை. அவன் 'சேல்ஸ்' ஆளாம். வேறொரு டிரெயினர் வந்தார், ஒரு கையில் போன். வார்ம்-அப் என்று ரெண்டு நிமிடம் கையை ஆட்டச் சொன்னார். அப்புறம் ஸ்குவாட், அதாவது முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுவது, 20 வீதம் ஐந்து செட். அது முடிந்ததும் லஞ்சஸ், ஒரு காலை முன்னால் எடுத்து வைத்து முட்டியை மடக்கி இறங்குவது. அதுவும் முடிந்ததும் ஒரு பெட்டி மேல் ஏறி இறங்கணும். நடுவில் தொடை கடகடவென்று நடுங்கியது. "முடியலைங்க தம்பி" என்றேன். "கொழுப்பு கரையுதுங்க்கா, அப்படித்தான் இருக்கும், நோ பெயின் நோ கெயின்" என்றார், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. கொழுப்பு கரைந்தால் தொடை நடுங்கும் என்று எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்களோ!

மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. அதற்கடுத்த நாள் தொடை ரெண்டும் வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. போட்டோ எடுத்து டிரெயினருக்கு அனுப்பினேன். "தண்ணி நிறையக் குடிங்க்கா, நாளைக்கு செஸ்ட் டே" என்று பதில், கூடவே ஒரு கட்டைவிரல்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் ரத்தப் பரிசோதனையில் சிகே என்று ஒன்று பார்த்தார்கள், தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு நொதி. சாதாரணமாக சில நூறுக்குள் இருக்க வேண்டியது, எனக்குப் பல ஆயிரம். தசை சிதைந்து, அதிலிருந்து வரும் பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும், ராப்டோமயோலிசிஸ் என்று பெயர் என்றார் டாக்டர். நல்ல நேரத்தில் வந்ததால் டிரிப்ஸோடு போயிற்று. கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் ஸ்டாட்டின் வகை சாப்பிடுகிறவர்களுக்குத் திடீர்க் கடும் பயிற்சியில் இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதலாம். என்னுடையது அந்த வகைதான்.

இனிமேல்தான் கூத்தே. என் கணவர் நேரில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். மேனேஜர் லீவாம். மறுபடி போனால், ஹெட் ஆபீஸில் பேசணுமாம். ஹெட் ஆபீஸ் நம்பரை எடுப்பதே அந்த வரவேற்புப் பையன்தான்! "மெம்பர்ஷிப்பை ஃப்ரீஸ் பண்ணித் தர்றோம்ங்க்கா" என்றான். இல்லாவிட்டால் வேறு யார் பெயருக்காவது மாற்றிக்கொள்ளலாம், அதற்கு 3,000 தனியாகக் கட்டணும். ரசீதின் அடியில் எறும்பளவு எழுத்தில் 'எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது'.

கடைசியில் அந்தப் படிவத்தை எடுத்து நீட்டினார்கள். 'ஏதேனும் நோய் உண்டா?' இல்லை. 'மருந்து உட்கொள்கிறீர்களா?' இல்லை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' கட்டத்தில் டிக், எல்லாம் அந்தச் சிவப்புப் பேனாவில். கீழே என் கையெழுத்து மட்டும் நீல மையில். "நீங்கதானே சைன் பண்ணியிருக்கீங்க?" என்கிறான், அம்மா மாதிரி என்று சொன்ன அதே வாய். 26,500 ரூபாய்! ஆஸ்பத்திரி பில் வேறு கணக்கு.

ஆரம்பிப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், இதை எழுதுவதற்குள்ளேயே கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம், ரெண்டு நாள் தசைப் பயிற்சி என்பதெல்லாம் மெதுவாகப் போய்ச் சேர வேண்டிய அளவு. முதல் வாரமே அதைப் பிடிக்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம், அது போதும் என்றார் டாக்டர். எங்கள் ஊர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடக்கக் காசு கிடையாது. புதுப் பயிற்சிக்கு அப்புறம் ரெண்டு மூன்று நாள் வலி சகஜம், தானாகக் குறையும். வலி ஏறிக்கொண்டே போனாலோ, வீங்கினாலோ, சிறுநீர் கறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ஜிம்மில்தான் சேருவேன் என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். படிவத்தை நீங்களே எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீதில் அவர்கள் என்ன அச்சடித்திருந்தாலும் விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை.

ஜிம் பெயரைக் கேட்டு கமெண்ட் போடாதீர்கள், புகார் நடக்கிறது, இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். இதே மாதிரி படிவத்தை அவர்களே நிரப்பிக் கையெழுத்து வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், அதை மட்டும் எழுதுங்கள்.