புது வீட்டு விரிசலும் ஒழுகலும்: அடைப்புப் பொருட்களில் எது தேறும், எது தேறாது

சாவி கைக்கு வந்த ஒரே வருடத்தில் பாத்ரூம் ஓரம் கறுக்கிறது. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நூல் பிடித்தாற்போல விரிசல் ஓடுகிறது. மழை பெய்தால் ஜன்னலடி ஈரமாகிறது. கட்டியவரிடம் சொன்னால் ஓர் ஆள் ஒரு டப்பா பேஸ்ட்டோடு வந்து பூசிவிட்டுப் போகிறார். அடுத்த பருவத்தில் அதே கோடு அதே இடத்தில் எட்டிப் பார்க்கிறது. பல நேரம் அந்த பேஸ்ட் நல்ல பேஸ்ட்தான், பூசிய இடம்தான் தப்பு. அதனால் கடையில் கிடைக்கும் அடைப்புப் பொருட்களை இங்கே ஒரே கேள்வியை வைத்துத்தான் மதிப்பிடுகிறோம்: அந்த இடுக்கு அசைகிறதா, அசையாததா?

கை வைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு குறையையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, தேதியோடு கட்டியவருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். நீங்களே உடைத்துச் சரிசெய்த பிறகு கேட்டால், "நீங்கள் கை வைத்ததால்தான் கெட்டது" என்று சொல்லிவிட அவருக்கு வழி கிடைக்கும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, இரண்டு மாதம் கவனியுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, அகலம் 5 மி.மீ.க்கு மேல் போனாலோ, சுவரில் படிக்கட்டு போல இறங்கினாலோ, பீமில் விரிசலோடு துருக்கறை தெரிந்தாலோ எந்த டப்பாவையும் திறக்காதீர்கள். அதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். பூசி மறைத்துவிட்டால் அவர் பார்க்க வேண்டிய சாட்சியே அழிந்துவிடும்.

அக்ரிலிக் கிராக் பேஸ்ட்

அசையாத இடத்துக்கு மட்டும் நல்ல பொருள். சிமென்ட் பூச்சு சரியாக நனைக்கப்படாமல் சீக்கிரம் காய்ந்ததால் வலை போல ஓடும் மயிரிழை விரிசலுக்கும், 3 மி.மீ. வரை அகலமுள்ள பூச்சு விரிசலுக்கும் போதும். மயிரிழை விரிசலானாலும் அப்படியே மேலே தடவினால் நிற்காது. கீறி ஆங்கில வி எழுத்து வடிவில் சுமார் 5 மி.மீ. திறந்து, தூசியை பிரஷ்ஷால் முழுக்க எடுத்துவிட்டுத்தான் பேஸ்ட்டை அழுத்த வேண்டும். காயும்போது சுருங்கிக் குழி விழும். அது பொருளின் குறையல்ல, நீர் ஆவியாவதன் விளைவு. மறுநாள் இரண்டாவது கை கொடுத்துத் தேய்த்தால் சமமாகிவிடும்.

தூணும் சுவரும் சேரும் கோட்டில் இதே பேஸ்ட் கட்டாயம் தோற்கும். கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிவதில்லை. பூசுவதற்கு முன்பே கொத்தனார் அந்தச் சந்தில் வலை அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் விட்டதைத்தான் விரிசல் காட்டுகிறது. கோட்டின் இரு பக்கமும் 150 மி.மீ. அகலத்துக்குப் பூச்சை வெட்டி எடுத்துவிட்டு, காரம் தாங்கும் கண்ணாடியிழை வலையை 300 மி.மீ. பட்டையாகப் பாலிமர் கலந்த சிமென்ட் கலவைக்குள் புதைத்து, மேலே பூசிச் சமப்படுத்துங்கள். தூசி பறக்கும், ஒரு நாள் வேலை கேட்கும். ஆனாலும் இதற்குக் குறுக்குவழியாக ஒரு பேஸ்ட்டை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பட்டியும் பெயின்டும் செதிலாக உரிகிற சுவருக்கு அடைப்புப் பொருளே தேவையில்லை, காரணத்தைத் தேட வேண்டும். அரை மீட்டர் சதுரமுள்ள பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அது நிற்காமல் எத்தனை கை பூசினாலும் உரியும்.

சிலிக்கான்

பாத்ரூம் தரையும் சுவரும் சேரும் ஓரத்துக்கும், சுவர் மூலைகளுக்கும், வாஷ்பேசின் பின்னோரத்துக்கும் இதுதான் சரியான பொருள். கட்டியவர்கள் அங்கே வழக்கமாக வெள்ளை சிமென்டைத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். தரை ஒரு திசையில் அசையும், சுவர் இன்னொரு திசையில் அசையும். நடுவில் இறுகிக் கிடக்கும் வெள்ளை சிமென்ட் மயிரிழையாகப் பிளந்து, அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும்.

டியூபில் இரண்டு ஜாதி உண்டு. பிதுக்கினால் வினிகர் வாடை அடிப்பது அமில வகை. கண்ணாடியிலும் மினுக்கு டைல்ஸிலும் அது கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் பளிங்கிலும் சிமென்டிலும் உள்ள சுண்ணாம்போடு வினை புரிந்து, அடியில் மாவு போன்ற படலம் உண்டாகி, நாளடைவில் முழு நீளமும் ரிப்பன் போல உரிந்து வந்துவிடும். கண்ணாடியின் பின்பூச்சையும் உலோகத்தையும் அரிக்கும். ஆகவே வீட்டு வேலைக்கு நடுநிலை வகையே எங்கள் தேர்வு. பாத்ரூமுக்கு அதிலும் பூஞ்சைத் தடுப்பு சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய வெள்ளை சிமென்டை, பிளேடு அதிர்ந்து வெட்டும் மல்டி டூல் கருவியால் குறைந்தது 6 மி.மீ. ஆழத்துக்கு எடுங்கள். பழைய சிலிக்கான் இருந்தால் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காதீர்கள், காய்ந்த சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது. தூசியை உறிஞ்சி எடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, குறைந்தது ஒரு முழு நாள் உலரவிடுங்கள். இந்த உலர்த்தலைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள், பாதித் தோல்விக்குக் காரணமும் இதுதான். இடுக்கு ஆழமாக இருந்தால் அதன் அகலத்தைவிடக் கொஞ்சம் பருமனான நுரைக் கயிற்றை உள்ளே திணியுங்கள். கடையில் பேக்கர் ராட் என்று கேட்டால் கொடுப்பார்கள். சிலிக்கான் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் பிடித்தால் ரப்பராக இழுபடும். அடியிலும் பிடித்துக்கொண்டால் இழுபட இடமின்றிக் கிழியும். 10 மி.மீ. அகலத்துக்கு 5 மி.மீ. ஆழம் போதும், கூடுதலாகத் திணிப்பது பலமல்ல.

இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மூக்கைச் சாய்வாக வெட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். பத்து நிமிடத்துக்குள், மேலே தோல் கட்டுவதற்கு முன், வழித்துவிட்டு டேப்பை ஈரத்தோடேயே உரிக்க வேண்டும். காய்ந்தபின் உரித்தால் விளிம்பும் சேர்ந்து வரும். உள்ளே ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.மீ. வரைதான் இறுகும் என்பதால் இரண்டு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள். 300 மி.லி. டியூப் 6 மி.மீ. சதுர இடுக்கில் ஏறக்குறைய 8 மீட்டர் வரும். ஒரு பாத்ரூமுக்கு இரண்டு டியூப் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பெயின்ட் அடிக்கும் சுவரில் சிலிக்கானைத் தொடவே கூடாது, அதன்மேல் பெயின்ட் நிற்காது.

ஜன்னல் வெளியோரத்துக்கு

இங்கே பாலியூரித்தேன் சீலன்ட் (அடைப்புப் பசை) அல்லது அதன் குணமும் சிலிக்கான் குணமும் சேர்ந்த ஹைபிரிட் சீலன்ட் தேறுகிறது. சிமென்டையும் அலுமினியத்தையும் இரண்டுமே நன்றாகப் பிடிக்கும், மேலே பெயின்டும் அடிக்கலாம். பெயின்ட் அடிக்காமல் வெயிலில் விடுவதானால் ஹைபிரிட் வாங்குங்கள், பாலியூரித்தேன் மஞ்சளித்து மாவாகும். ஃபிரேமின் அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம் சின்னத் துளைகள் தெரியும். உள்ளே சேரும் மழைநீர் வெளியேற வைத்த துளைகள் அவை. ஒழுகுகிறதென்று அவற்றையே அடைத்துவிட்டுப் போன வேலையாட்கள் உண்டு. அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள். சில ஜன்னல்களுக்கு அதுவே முழு வைத்தியம். ஜன்னலடிக் கல் உள்பக்கம் சரிந்திருந்தால் எந்த சீலன்ட்டும் நாள்பட நிற்காது, கல்லைத்தான் மாற்றிப் பதிக்க வேண்டும்.

எபாக்ஸி கிரவுட்

டைல்ஸுக்கு நடுவே உள்ள கோடுகளுக்கு சிமென்ட் கிரவுட்டைவிடப் பல படி மேல். தண்ணீர் குடிக்காது, கறை ஏறாது. ஆனால் மன்னிக்காத பொருள். பழைய கிரவுட்டை டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம்வரை சுரண்டி எடுக்க வேண்டும், கோடு மிகவும் ஒடுங்கியிருந்தால் சரியாக இறங்காது. எபாக்ஸியின் இரு பாகங்களான ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கண்ணளவில் பாதி பாதியாகப் பிரித்துக் கலந்தால் இறுகாமல் பசையாகவே நிற்கும். எடை போடும் தராசு இல்லையென்றால் சின்னப் பொட்டலம் வாங்கி முழுதாகக் கலப்பதே பாதுகாப்பு. கலந்தபின் முக்கால் மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், வெயில் காலத்தில் இன்னும் குறையும். மேலே படிந்த படலத்தை அன்றைக்கே வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்கிரப் பேடும் கொண்டு எடுத்துவிட வேண்டும். கையுறை அவசியம், இறுகாத எபாக்ஸி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

டைல்ஸ் மேல் ஊற்றும் தெளிந்த திரவம்

உடைக்காமலே ஒழுகல் நிற்கும் என்று விற்கப்படுகிற சிலேன், சிலாக்ஸேன் வகைத் திரவங்களை பாத்ரூம் ஒழுகலுக்கு வாங்காதீர்கள். அவை நுண்துளைக்குள் இறங்கித் தண்ணீரை ஒட்டவிடாமல் செய்யும், பிளவை நிரப்பாது. மினுக்கு டைல்ஸுக்குள் இறங்கவே இறங்காது. நல்ல நிலையிலுள்ள வெளிச்சுவர் பூச்சுக்கும் செங்கல் முகப்புக்கும் மட்டும் பயன்.

ஒழுகலுக்கு முதலில் எங்கிருந்து என்று கண்டுபிடியுங்கள். பாத்ரூமை இரண்டு நாள் யாரும் பயன்படுத்தாதபோதும் கீழே சொட்டினால் சந்தேகம் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாய் மேல். பயன்படுத்தும்போது மட்டும் சொட்டினால் தரையோ கழிவுக் குழாயோ. கிரவுட்டும் ஓர சிலிக்கானும் முடிந்து இறுகிய பிறகு, தண்ணீர் போகும் வழியை அடைத்து 25 மி.மீ. நீர் கட்டி ஒரு நாள் நிறுத்துங்கள். கீழே மறுபடி ஈரம் தெரிந்தால் டைல்ஸுக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலமே போயிருக்கும் வாய்ப்பு அதிகம். அங்கே தரையைப் பெயர்ப்பதுதான் வழி, அந்தச் செலவு கட்டியவர் கணக்கில் வர வேண்டியது. நீர் கட்டிய படத்தையும் கீழ்க்கூரைப் படத்தையும் முதலில் அனுப்பிய கடிதத்தோடு சேர்த்து அவருக்கு அனுப்புங்கள்.

எதை வாங்கினாலும் டியூபில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். நாள் கடந்த சிலிக்கான் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும், அதைச் சுரண்டி எடுப்பது பூசுவதைவிட இரண்டு மடங்கு வேலை. சந்தேகமிருந்தால் அட்டைத் துண்டில் கொஞ்சம் பிதுக்கி ஒரு மணி நேரம் பொறுங்கள். விரலில் ஒட்டாமல் தோல் கட்டியிருந்தால் வேலையைத் தொடங்கலாம்.