தமியாவின் பேனல் கோட்டு வாஷ்: ஒரு ஸ்பிட்ஃபயர் இறக்கையில் கண்டவை

ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 'பேனல் லைன் ஆக்சென்ட் கலர்' என்ற பெயரில் விற்கும் 40 மில்லிலிட்டர் புட்டியை, அதே நிறுவனத்தின் 1/48 அளவு ஸ்பிட்ஃபயர் மார்க் 1 (இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானம்) பிளாஸ்டிக் மாதிரியில் பயன்படுத்திப் பார்த்தேன். உள்ளே இருப்பது நன்கு நீர்த்த எனாமல் வண்ணம்; தகடுகள் சந்திக்கும் பேனல் கோடுகளில் ஓடித் தங்கி அவற்றை எடுத்துக்காட்டும் இத்தகைய வண்ணத்தைத்தான் 'வாஷ்' என்கிறோம். மூடியிலேயே மெல்லிய தூரிகை இருப்பதால் தனிக் கிண்ணமோ அளவுக் கணக்கோ தேவையில்லை. அடியில் படிந்த நிறமி கலையும்வரை குலுக்கினால் போதும்.

இறக்கையில் இரு தகடுகள் சந்திக்கும் மயிரிழைப் பள்ளத்தில் தூரிகை நுனியை வைத்தவுடன், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்தக் கோடு வண்ணத்தைத் தானே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. ஆனால், அப்படி ஓடுவதற்கு அடியில் பளபளப்பான வார்னிஷ் பூச்சு இருந்தாக வேண்டும். வாலருகே நான் பூச்சடிக்கத் தவறிய ஒரு விரற்கடை இடத்தில் வண்ணம் கறையாகப் பரவிவிட்டது. மறுபடியும் பச்சை அடித்துத்தான் அதை மறைக்க முடிந்தது.

முதல் புட்டியாகக் கருப்பை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான பரிந்துரை. இவ்வளவு சிறிய அளவில் கருங்கோடு, தகடுகளின் இணைப்பாகத் தெரியாமல் பேனாவால் வரைந்த கட்டமாகத் தெரிகிறது. மேற்புறத்தின் பழுப்புக்கும் பச்சைக்கும் அடர்பழுப்பு வாஷும், வெளிறிய அடிப்புறத்துக்குச் சாம்பல் வாஷும் மிகப் பொருத்தமாக அமைந்தன.

அரை மணி நேரம் உலரவிட்டு, எனாமல் தின்னரில் (எனாமலைக் கரைக்கும் திரவம்) தொட்டுக் காகிதத்தில் ஒற்றிய பஞ்சுக்குச்சியால், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு நோக்கி மட்டுமே துடைக்க வேண்டும். அப்போது எஞ்சும் மெல்லிய தீற்றல், பறக்கையில் எண்ணெய் வழிந்த தடமாகவே நம்மை நம்பவைக்கிறது. அடிவண்ணம் அக்ரிலிக்காகவோ லாக்கராகவோ இருந்து முழுமையாகக் காய்ந்திருந்தால் இந்தத் தின்னர் அதைக் கரைப்பதில்லை. வண்ணம் பூசாத பிளாஸ்டிக்கில், குறிப்பாக இறுக்கிப் பொருத்திய இணைப்புகளில், அது தேங்கினால் விரிசல் விழக்கூடும் என்பதால் சக்கரக் கால்களின் அருகே துளியளவே பயன்படுத்தினேன்.

எஞ்சின் புகைக்கும் துப்பாக்கிக் கரிக்கும் இந்தப் புட்டி உதவாது. அதற்குத் தமியாவின் 'வெதரிங் மாஸ்டர்' பி தொகுப்பிலுள்ள புகைக்கரித் தூள்தான் சரி. அதையும் அளவோடுதான் தொட வேண்டும், ஏனெனில் 1940-இல் பிரிட்டன் மீது ஜெர்மனியுடன் நடந்த வான்போரில் பறந்த பல ஸ்பிட்ஃபயர்கள் சில வாரங்களே தாக்குப்பிடித்தன; அழுக்கேறிப் பழசாக அவற்றுக்கு நேரமே இருக்கவில்லை.