விமானியும் விவசாயியும்: 1956-இல் கலிபோர்னியாவின் 29-ஆவது தொகுதி

ரிவர்சைடு, இம்பீரியல் என்ற இரு மாவட்டங்களும் சேர்ந்தது அன்றைய கலிபோர்னியாவின் 29-ஆவது தொகுதி. அதன் பெரும்பகுதி பாலை, கால்வாய் நீர் எட்டிய இடமெல்லாம் வயல். அங்கே குடியரசுக் கட்சியின் உறுப்பினராக இருந்த ஜான் பிலிப்ஸ் ஒதுங்கிக்கொள்ள, 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கான அந்த இடத்துக்கு இரு புதுமுகங்கள் மோதினர். குடியரசுக் கட்சி ஜாக்குலின் காக்ரன் ஆட்லத்தையும், ஜனநாயகக் கட்சி தலீப் சிங் சௌந்தையும் நிறுத்தின.

பெயரும் புகழும்தான் அளவுகோல் என்றால் காக்ரனுக்கு நிகர் யாருமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்காக விமானம் ஓட்டிய பெண்களின் படைக்குத் தலைமை தாங்கியவர். 1953-இல் ஒலியின் வேகத்தைக் கடந்து பறந்த முதல் பெண். சொந்தமாக அழகுசாதன நிறுவனம் நடத்தியவர். கணவர் ஃபிளாய்ட் ஆட்லம் பெருஞ்செல்வர். அதிபர் ஐசனோவருடன் நேரடி நட்பு இருந்தது. 1952-இல் அவரைத் தேர்தலில் நிற்கச் சம்மதிக்க வைக்க, ஆதரவாளர்கள் திரண்ட கூட்டத்தின் படச்சுருளோடு, அப்போது அவர் இருந்த பாரிஸுக்கே பறந்து சென்றவர் காக்ரன். இத்தனைக்கும் ஃபுளோரிடாவின் வறுமையில் பிறந்து, சிறுமியாகவே பஞ்சாலைக்கு வேலைக்குப் போனவர். தாம் அநாதையாக வளர்ந்ததாக அவர் சொல்லிவந்தார். அது புனைவு என்பது பின்னாளில்தான் தெரியவந்தது.

சௌந்துக்கோ தம் பிறப்பை மறைக்கவும் வழியில்லை, அதைச் சட்டத்தின் முன் விளக்காமல் இருக்கவும் வழியில்லை. 1899-இல் அமிர்தசரஸ் மாவட்டத்தில் பிறந்த அவர், உணவு பதப்படுத்தும் தொழில் கற்க 1920-இல் அமெரிக்கா சென்று, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கு மாறி 1924-இல் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்த காலம் அது. கணித முனைவர் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்யப் போனார். பொருளாதார மந்தத்தில் கடன் கழுத்தை நெரித்தபோதும் திவால் அறிவிப்பு கொடுக்க மறுத்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து அதை அடைத்தார். விவசாயிகள் நிறைந்த ஊரில் பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்த மதிப்புக்கு முனைவர் பட்டத்தைவிட இந்தக் கடன் கணக்கே காரணம் என்பது என் எண்ணம்.

இந்தியர்கள் குடியுரிமை பெறுவதற்கான சட்டம் 1946-இல் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவரான சௌந்த் 1949 டிசம்பரில் குடியுரிமை பெற்றார். மறு ஆண்டே வெஸ்ட்மோர்லண்டில் நீதிபதித் தேர்தலில் வென்றும், குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. 1952-இல் மீண்டும் நின்று வென்றார். காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராவதற்கு ஏழாண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி, 1956-இல் சொந்தக் கட்சிக்குள்ளிருந்த போட்டியாளரே வழக்குத் தொடுத்தார். பதவியேற்கும் 1957 ஜனவரிக்குள் ஏழாண்டுகள் நிறைந்துவிடும் என்பதால் வழக்கு நிற்கவில்லை.

இருவரும் வாக்குக் கேட்ட விதத்திலும் இந்த வேறுபாடு தெரிந்தது. பரந்த தொகுதியில் காக்ரன் தம் விமானத்தைத் தாமே ஓட்டி ஊர் ஊராக இறங்கினார். சௌந்தின் குடும்பத்தாரும் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று புதிய வாக்காளர்களைப் பதிவு செய்தனர். காக்ரனும் வெளியாள் அல்லர். அவருடைய பண்ணை அதே தொகுதியில், இண்டியோவில்தான் இருந்தது. ஆயினும் ஊரார் அவரை வியந்து பார்த்தார்களே தவிர, தங்களில் ஒருவராக எண்ணினார்களா என்பது ஐயமே. சௌந்தோ அவர்களோடு விதைத்து நஷ்டமும் கண்டவர், அவர்களுடைய வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்னவர்.

ஐசனோவர் நாடெங்கும் பெருவெற்றி பெற்று, கலிபோர்னியாவையும் தம்வசமாக்கிய அதே நாளில், அவருடைய தோழி ஏறத்தாழ 3,300 வாக்குகளில் தோற்றார். அமெரிக்கக் காங்கிரஸில் வாக்குரிமையுள்ள உறுப்பினராக நுழைந்த முதல் ஆசிய வம்சாவளியினர் சௌந்த். சீக்கியர்களிலும் அவரே முதல்வர். வெளியுறவுக் குழுவில் இடம் பெற்று, 1958-இலும் 1960-இலும் மீண்டும் வென்றார்.

1962 மே மாதம் வாஷிங்டன் செல்லும் விமானத்தில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. அந்த ஆண்டுத் தேர்தலில் பிரசாரம் செய்ய இயலாமலே தோற்றார். அதே ஆண்டு ஜூலையில், பெண்களை விண்வெளிக்கு அனுப்புவது பற்றிய பிரதிநிதிகள் சபைத் துணைக்குழுவின் விசாரணைக்குக் காக்ரன் சாட்சியாக வந்தார். அதற்கென்று அவசரமாகத் தனித்திட்டம் வேண்டியதில்லை என்பதே அவர் அங்கே சொன்னது.