சத்தம் அடங்கிவிட்டது, வால்வு சரியாகவில்லை: 74,000 ரூபாய் போன கதை

புதுச்சேரியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். என்னிடம் இருப்பது 2008 போர்ஷே கேமன் எஸ், 3.4 லிட்டர் இன்ஜின். இரண்டாம் கையாக வாங்கியது. ஸ்போர்ட் எக்ஸாஸ்ட் உள்ள வண்டி. பட்டனை அழுத்தினால் சைலன்சரில் உள்ள வால்வு திறந்து சத்தம் கனமாகும், மறுபடி அழுத்தினால் அடங்கும்.

மே மாதம் ஒரு காலை வண்டி ஸ்டார்ட் ஆனதிலிருந்தே உறுமியது. பட்டன் எந்த நிலையில் இருந்தாலும் அதே சத்தம். எங்கள் தெரு குறுகல், பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் வண்டியை எடுக்கவே மனசு வரவில்லை. ஐடிலில் மெல்லிய விசில் போல ஒரு ஒலியும் வந்தது. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் எல்லாம் இருந்தது.

விழுப்புரம் சாலைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். வெளிநாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும் இடம். மறுநாளே போன் வந்தது. "ஆக்சுவேட்டர் ரெண்டும் போயிருச்சு சார், சோலனாய்டும் வீக். இம்போர்ட் பண்ணணும்." ஆக்சுவேட்டர் என்பது சைலன்சர் வால்வின் லிவரை இழுக்கும் பாகம்; சோலனாய்டு என்பது அதற்குப் போகும் காற்று வழியை மின்சாரத்தால் மாற்றும் சிறு வால்வு. ஆக்சுவேட்டர் ஒன்றுக்கு 27,500, சோலனாய்டு 9,000, கூலி 10,000. மொத்தம் 74,000. பாதி முன்பணம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. சத்தமே இல்லை. சந்தோஷமாக மீதியையும் கட்டினேன். பழைய பார்ட்ஸைக் கேட்டதற்கு "ஸ்கிராப்புக்குப் போயிருச்சு" என்றார்கள். அங்கேயே நான் நின்று பேசியிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து ஈசிஆரில் மரக்காணம் வரை போனபோதுதான் பட்டனை அழுத்திப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. கேட்டதற்கு "புது வால்வு சார், அப்படித்தான் இருக்கும், போகப் போகத் திறக்கும்" என்று பதில்.

நெல்லித்தோப்பில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். டீசல் ஜீப்பும் வேனுமாகவே வாழ்நாளைக் கழித்தவர். போர்ஷேயைத் தொட்டதே இல்லை. ஆனால் டீசல் வண்டியில் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கே வேக்கம் பம்ப்தான் (காற்றை உறிஞ்சும் பம்ப்) உயிர் என்பதால், உறிஞ்சல் எங்கே ஒழுகுகிறது என்று தேடுவது அவருக்குக் கைவந்த வேலை. கதையைக் கேட்டவர், "தம்பி, முதல்ல வண்டியைத் தூக்கிப் பார்ப்போம், அப்புறம் பேசலாம்" என்றார்.

தூக்கினோம். இரண்டு பக்கமும் வால்வு லிவரைக் கட்டுக்கம்பியால் மூடிய நிலையில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். "புது" ஆக்சுவேட்டரில் கறுப்பு ஸ்பிரே பெயின்ட். தின்னர் தொட்ட துணியால் துடைத்ததும் உள்ளே பழைய துரு. மேலே தேடிப் போனால், வளைவில் வெடித்துப் போன ரப்பர் ஹோஸ். அதன் இன்ஜின் பக்க முனையில் ஒரு ஸ்குருவைச் செருகி அடைத்திருந்தார்கள். என் வயிறு எரிந்தது அதைப் பார்த்துத்தான். ஓட்டை எங்கே என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். விசிலை நிறுத்த அதை அடைத்தார்கள், சத்தத்தை நிறுத்தக் கம்பியைக் கட்டினார்கள், அப்புறம் பில் போட்டார்கள்.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். என் வண்டியில் வால்வை மூடுவது உறிஞ்சல், திறப்பது ஸ்பிரிங். இன்ஜினிலிருந்து வரும் உறிஞ்சல் சோலனாய்டு வழியாக மெல்லிய குழாயில் போய் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரத்தை, அதாவது மெல்லிய ரப்பர் தகட்டை, இழுக்கும். அது லிவரை இழுத்து வால்வை மூடும். வழியில் எங்கே ஒழுகினாலும் ஸ்பிரிங் ஜெயித்துவிடும், வால்வு திறந்தே நிற்கும். ஆகவே ஓயாத சத்தம் என்றால் முதல் சந்தேகம் ரப்பர் மேல்தான் விழ வேண்டும். இன்ஜின் சூட்டில் பத்துப் பதினைந்து வருடம் வெந்த ரப்பர் கல்லாகி வெடிக்கும். சில வண்டிகளில் இது தலைகீழாக, உறிஞ்சல் திறப்பதாகவும் இருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரியவர் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள், ஒருவர் பட்டனை அழுத்தட்டும், நீங்கள் பின்னால் லிவரைப் பாருங்கள். அசையவில்லை என்றால் பட்டனை அமைதி நிலைக்குக் கொண்டுவந்து, ஆக்சுவேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி விரலை வையுங்கள். விரலை இழுக்கிறது, ஆனாலும் லிவர் அசையவில்லை என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது வால்வின் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கலாம். நம் ஊர் கடல் காற்றுக்கு இரண்டாவதுதான் அதிகம் நடக்கக்கூடியது. விரலை இழுக்கவே இல்லை என்றால் கோளாறு ஆக்சுவேட்டருக்கு முந்திய வழியில்: ஹோஸ், டி ஜாயின்ட் (குழாய் இரண்டாகப் பிரியும் இடம்), செக் வால்வு (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுவது), சோலனாய்டு. சோலனாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, காற்று வழி மாறுகிறதா என்று ஊதியும் பார்க்க வேண்டும்.

பெரியவர் மீட்டர் உள்ள கை வேக்கம் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி, உறிஞ்சலை 20 அங்குல பாதரச அளவுக்கு இழுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோதும் முள் இறங்கவில்லை, அதாவது ஒழுகல் இல்லை. என் பழைய ஆக்சுவேட்டர் இரண்டும் நல்ல நிலையில்தான் இருந்தன. போனது ஒரே ஒரு ஹோஸ். இரண்டு மீட்டர் சிலிகான் ஹோஸ் 240 ரூபாய், அவர் கூலி 1,500. அதையும் தயங்கித்தான் வாங்கினார்.

கம்பியை வெட்டுவதற்கு முன், ஸ்குருவை எடுப்பதற்கு முன், எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்தேன். பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறது, பார்ட்ஸின் பெயர் இருக்கிறது. பார்ட் நம்பர் மட்டும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் போய்க் காட்டியபோது 15,000 திருப்பித் தருவதாகவும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்கள். வேண்டாம் என்றேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். ஒர்க்‌ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பதில் சொல்ல 15 நாள் கொடுத்திருக்கிறேன். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. வெட்டிய கட்டுக்கம்பியும் அந்த ஸ்குருவும் ஒரு உறையில் என் மேஜையில் பத்திரமாக இருக்கின்றன.