ஆத்தங்குடி கல் வாங்கும் முன் ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள்

கோவையில் முற்றம் வைத்துக் கட்டிய ஒரு புது வீடு. கூடத்தில் 600 சதுர அடிக்கு 10 அங்குல ஆத்தங்குடி கல், அதாவது காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல். ஒரே வருடத்தில், ஆள் நடமாடும் இடத்தில் பூ அழிந்து சாம்பல் நிறச் சிமெண்ட் தெரிகிறது. "கையால செய்யுற கல்லு, அப்படித்தான் இருக்கும்" என்று விற்றவர் கைகழுவிவிட்டார். அது பொய். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இரண்டு தலைமுறை நடந்த தளம் இன்றும் மினுங்குகிறது.

இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் தகட்டு அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் செய்வார்கள். பிறகு சில நாள் தண்ணீரில் ஊற வேண்டும். கண்ணாடி தரும் வழவழப்புதான் அந்தப் பளபளப்பு. ஏமாற்றுபவர் கை வைப்பது வண்ணத்திலும் ஊறலிலும்தான். மாதிரிக் கல் அருமையாக இருக்கும், லாரியில் வருவது வேறாக இருக்கும். அந்த வீட்டு மீதிக் கல்லை உடைத்துப் பார்த்தபோது வண்ணம் காகித கனம்கூட இல்லை. நல்ல கல்லில் 2, 3 மில்லிமீட்டராவது இருக்கும். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். பின்பக்கம் வரிவரியாக மேடு இருந்தால் அது வெறும் பூ அச்சடித்த செராமிக்.

மீதிப் பாழ், பதித்த கைகளால். கையால் செய்த கல் ஒன்றுபோல் கனம் இராது. அதை, ஒரே கனத்தில் மெஷினில் வரும் விட்ரிஃபைடு டைல் போல மெல்லிய பசையில் ஒட்டினார்கள், மேடுபள்ளம் வந்தது. அதைச் சரிசெய்ய மெஷின் வைத்துத் தேய்த்தார்கள், இருந்த வண்ணமும் போனது. போதாததற்கு, சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றினார்கள்! சிமெண்ட் கல்லை ஆசிட் அரிக்காமல் என்ன செய்யும்?

பெயின்ட், பிளம்பிங் எல்லாம் முடிந்த பிறகே பதியுங்கள். கல்லை நனைத்து, ஒன்றரை அங்குலக் கலவையில், இடைவெளி விடாமல் வைக்கச் சொல்லுங்கள். இணைப்பில் இடும் வெள்ளைச் சிமெண்ட் பாலை அப்போதைக்கப்போதே துணியால் துடைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கூடாது, கல்லில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். பூத்தால் துடைத்துக்கொண்டே இருங்கள். வார்னிஷ் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கித் திட்டுத்திட்டாகிவிடும். தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துவந்தால் போதும், மெருகு ஏறும்.

600 சதுர அடிக்குக் கணக்குப்படி 864 கல். உடைசலுக்கும் சேர்த்து 910 வாங்குங்கள், ஒரே தடவையில். அடுத்த லோடில் நிறம் ஒத்துப்போகாது.